மருத்துவமனையில் இருக்கும் மகள் கறுப்பு நிறத்தை மட்டுமே தீட்டுகிறாள்: நான் என்ன செய்வது?

நிலாமுற்றம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஏழு வயதாகும் என் மகள், அக்யூட் லிம்போபிளாஸ்டிக் லுகேமியா எனப்படும் இரத்தப் புற்றுநோய்க்காகப் பத்து வாரங்களாகச் சிகிச்சை பெற்று வருகிறாள். இந்தப் பத்து வாரங்களில் அவள் வீட்டில் உறங்கிய நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மருத்துவத்தைப் பற்றி எனக்குக் குறையேதும் இல்லை. மருந்துகள் வேலை செய்கின்றன என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். நான் கேட்க வந்தது வேறொன்று.

முன்பெல்லாம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவள், இப்போது பெரும்பாலான நேரம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள். கேட்டதற்குத் தலையசைப்பாள், சில வேளைகளில் அதுவும் இல்லை. ஸ்டிராய்டு மாத்திரைகளால் முகம் உப்பிவிட்டதால் கண்ணாடியைப் பார்க்கவே மறுக்கிறாள். மூன்று வாரங்களுக்கு முன்பு ஒரு செவிலியர் அவளிடம் வெள்ளைத் தாள்களையும் ஒரு கிரேயான் பெட்டியையும் கொடுத்தார். அன்றிலிருந்து வரையத் தொடங்கினாள். ஆனால் வரைவது ஒன்றே ஒன்றைத்தான். கறுப்பு கிரேயானை எடுத்து, தாளின் ஒரு மூலையில் தொடங்கி மறுமூலை வரையில், மெழுகு பளபளக்கும் அளவுக்கு அழுத்தி அழுத்தித் தீட்டுகிறாள். சில தாள்கள் கிழிந்தே போயின. வலப்பக்கம் மேலே மட்டும் கொஞ்சம் இடத்தை விட்டுவைத்து, அதில் மஞ்சளால் ஒரு புள்ளி வைக்கிறாள். இப்படிப் பதினோரு தாள்கள்.

அவளைப் பார்க்க வந்த உறவினர் ஒருவர், கறுப்பை மட்டுமே நாடும் குழந்தையின் மனம் இருண்டுபோயிருக்கிறது என்றும், அந்த நிறத்தை அப்புறப்படுத்திவிட்டால் தானாக மற்ற நிறங்களுக்கு வந்துவிடுவாள் என்றும் சொன்னார். பயத்தில் நானும் அவள் உறங்கும்போது கறுப்பு கிரேயானை எடுத்து என் கைப்பையில் ஒளித்து வைத்தேன். எழுந்து பெட்டியைத் திறந்தவள், வெறுமையாக இருந்த அந்தக் குழியை விரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு மூடி வைத்துவிட்டாள். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. இன்றோடு நான்கு நாட்கள் ஆகின்றன. பெட்டியைத் திறக்கவே இல்லை.

நான் செய்தது தவறா? வரைதல், கதை, பாட்டு, பொம்மை என்று சொல்லப்படுபவையெல்லாம் நோயுற்ற குழந்தைக்கு உண்மையிலேயே உதவுமா, அல்லது பொழுதைத் தள்ளுவதற்கு மட்டும்தானா? உதவும் என்றால், எந்தப் பயிற்சியும் இல்லாத நான் எங்கிருந்து தொடங்குவது? மருந்து ஏற்றுவதற்காக இரத்தக்குழாயில் செருகும் மெல்லிய குழாயான கேனுலாவை, அவள் எழுதும் வலக்கையில்தான் பெரும்பாலும் போடுகிறார்கள். எதிர்ப்பாற்றல் குறைந்திருப்பதால் எந்தப் பொருளைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்பதும் தெரியவில்லை. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நோயின் பெயரை நாங்கள் இன்னும் அவளிடம் சொல்லவில்லை. வரைய வைத்து, கதை சொல்ல வைத்து, அதன் வழியே அவள் எதையாவது கேட்டுவிட்டால் என்ன பதில் சொல்வது என்ற அச்சமும் எனக்கு இருக்கிறது.

இரவுப்பணி எழுதியது:

வணக்கம் சகோதரி. குழந்தைகள் பிரிவில் பதினெட்டு ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். மற்றவற்றைப் பிறகு பேசலாம். முதலில் அந்தக் கறுப்பு கிரேயானை இன்றே அவளிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கீழே கிடந்தது, இப்போதுதான் கிடைத்தது என்று சமாளிக்காதீர்கள். அம்மாதான் எடுத்தேன், எடுத்திருக்கக் கூடாது, இது உன்னுடையது என்று சொல்லிக் கொடுங்கள். அவளுக்குத் தெரியாமல் நடந்ததாக நீங்கள் நினைக்கிறீர்கள். அந்தக் குழியை அவள் தொட்டுப் பார்த்ததாக நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால், யார் எடுத்தது என்பது அவளுக்குத் தெரியும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்று சொல்கிறேன். மருத்துவமனைக்குள் வந்த நாளிலிருந்து அந்தக் குழந்தை எதையும் வேண்டாம் என்று சொல்லி நிறுத்த முடிந்ததில்லை. ஊசி வேண்டாம் என்றாலும் போடுகிறோம். மாத்திரையைத் துப்பினால் மீண்டும் கொடுக்கிறோம். உறக்கத்தில் எழுப்பிக் காய்ச்சல் பார்க்கிறோம். முன்பின் தெரியாதவர்கள் சட்டையை உயர்த்தி வயிற்றை அழுத்துகிறார்கள். இவையெல்லாம் அவளுடைய நன்மைக்காகத்தான். ஆயினும் ஏழு வயதுக்காரி ஒருத்தியின் நாள் முழுவதும் பிறருடைய முடிவுகளால் நிறைந்திருக்கிறது. அந்த ஒரு தாளில்தான் எதை எங்கே வைப்பது, எப்போது நிறுத்துவது, கிழிப்பதா வைத்துக்கொள்வதா என்பதையெல்லாம் அவள் முடிவு செய்கிறாள். வார்டில் வரைதலும் விளையாட்டும் உதவுவதன் அடிப்படை இதுதான் என்பது என் அனுபவம். படம் அழகாக இருப்பதும், குழந்தை சிரிப்பதும்கூட இரண்டாம்பட்சம்தான்.

இதனால்தான் விளையாட்டு அறை உள்ள பிரிவுகளில் ஒரு விதியை விடாப்பிடியாகக் காப்பாற்றுகிறோம்: அந்த அறைக்குள் யாரும் ஊசியோடு வரக் கூடாது, இரத்தம் எடுக்கக் கூடாது, மாத்திரைகூடக் கொடுக்கக் கூடாது. உங்களுக்குத் தனியறை என்றால் அப்படி ஓர் இடம் கிடைக்காது. கட்டிலே சிகிச்சைக்குரிய இடமாகவும் இருக்கும். அப்போது வரையும் பலகை மடியில் இருக்கும் நேரத்தையாவது அப்படி ஒரு பாதுகாப்பான நேரமாக வைத்துக்கொள்ள முடியுமா என்று பணியில் இருப்பவரிடம் கேளுங்கள். அவசரமில்லாத வேலை என்றால் இருபது நிமிடம் தள்ளிவைக்க எங்களில் பெரும்பாலோர் ஒப்புக்கொள்வோம். கேட்காததால்தான் செய்வதில்லை.

கேனுலாவைப் பற்றி. எழுதாத கையில் போடுங்கள் என்று ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். நரம்பு கிடைக்காவிட்டால் வேறு வழியிருக்காது. கிடைத்தால் கட்டாயம் கேட்பார்கள்.

எங்கள் பிரிவில் தினமும் கையாளும் இரண்டு வழிகளைச் சொல்கிறேன். ஒன்று, ஊசி பொருத்தாத புதிய சிரிஞ்சில் நீர்த்த வண்ணத்தை நிரப்பிக் கொடுத்து, எதிரே சாய்த்து வைத்த பெரிய தாளில் பீய்ச்சியடிக்கச் சொல்வது. தன் உடம்பை நோக்கி மட்டுமே வந்துகொண்டிருந்த ஒரு பொருள், முதன்முறையாகத் தன் கட்டைவிரலின் கீழ் வருகிறது. தொடக்கத்தில் சொட்டுச் சொட்டாக விடும் குழந்தைகள், மூன்றாவது சிரிஞ்சுக்குள் சுவரையும் நனைத்துவிடுவார்கள். பழைய துணி ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள்.

மற்றொன்று, துணிப் பொம்மைக்கு வைத்தியம் பார்ப்பது. பஞ்சு, பிளாஸ்திரி, கட்டுத்துணி, ஊசியில்லாத சிரிஞ்சு ஆகியவற்றைக் கொடுத்துவிட்டு நாம் வாயை மூடிக்கொள்ள வேண்டும். ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன், ஒரு மாலை முழுவதும் பொம்மைக்கு ஊசி போட்டான். நான் எண்ணிக்கொண்டிருந்தேன், பதினான்கு முறை. பிறகு தலை முதல் கால் வரை கட்டுப் போட்டு முடித்துவிட்டு, இந்தப் பொம்மை என்ன தப்பு செய்தது என்று என்னைக் கேட்டான். அந்த வயதில் பல குழந்தைகள், தாங்கள் ஏதோ தவறு செய்ததால்தான் நோய் வந்தது, ஊசி என்பது அதற்குத் தண்டனை என்று நம்புகிறார்கள். நேரில் கேட்டிருந்தால் அவன் சொல்லியிருக்க மாட்டான். பொம்மையின் பெயரில் கேட்டதால், தப்புச் செய்து யாருக்கும் இந்த நோய் வருவதில்லை என்ற பதிலையும் பொம்மையின் பெயரிலேயே என்னால் சொல்ல முடிந்தது.

பொழுதைத் தள்ளுவதற்கு மட்டும்தானா என்று கேட்டிருந்தீர்கள். வலியின் அளவைக் காட்டச் சொல்லி, சிரிக்கும் முகத்திலிருந்து அழும் முகம் வரை ஆறு முகங்கள் கொண்ட ஓர் அட்டையை உங்கள் மகளிடம் யாராவது நீட்டியிருப்பார்கள். 1980களின் தொடக்கத்தில், அமெரிக்காவில் தீக்காயப் பிரிவு ஒன்றில் இருந்த குழந்தைகளுக்கு எண்களால் தங்கள் வலியைச் சொல்ல வரவில்லை. அங்கே டோனா வாங், கோனி பேக்கர் என்னும் இருவர் குழந்தைகளிடம் வெற்று வட்டங்களைக் கொடுத்து, வலியில்லாத முகத்திலிருந்து மிகவும் வலிக்கும் முகம் வரை அவர்களையே வரையச் சொன்னார்கள். அந்தக் கோடுகளிலிருந்து பிறந்த அட்டைதான் இன்று உலகெங்கும் வார்டுகளில் தொங்குகிறது. பொழுதுபோக்கு என்று ஒதுக்கியிருந்தால் அது வந்திருக்காது.

சிகிச்சையறை எழுதியது:

குழந்தை நல மருத்துவன் என்ற முறையில் பொருட்களைப் பற்றி மட்டும் சுருக்கமாகச் சொல்கிறேன். இறுதி முடிவை உங்கள் மருத்துவக் குழுதான் எடுக்க வேண்டும், ஏனெனில் அவளுடைய இரத்த அணுக்களின் எண்ணிக்கை அவர்களுக்குத்தான் தெரியும்.

வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும் காலத்தில் வண்ணங்கள் பிரிக்கப்படாத புதிய பெட்டியாக இருக்கட்டும். பிற குழந்தைகளோடு பகிர வேண்டாம். மண் சார்ந்த களிமண், சருகு, காய்ந்த பூ, இறகு ஆகியவற்றில் பூஞ்சை வித்துகள் இருக்கக்கூடும் என்பதால் அவற்றைத் தவிர்த்துவிடுங்கள். துடைத்துச் சுத்தம் செய்யக்கூடிய பலகையும் பிளாஸ்டிக் பொருட்களும் நல்லவை. ஜிகினாத் தூள் வேண்டவே வேண்டாம்; அது கேனுலாவின் பிளாஸ்திரிக்குக் கீழேயும் போய்விடும். இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்திருந்தால் கத்தரிக்கோலைப் பெரியவர்கள் கையாளட்டும். சில மார்க்கர் பேனாக்களின் நெடி, கீமோ பெறும் குழந்தைக்கு உடனே வாந்தியை வரவழைக்கும். பலூன்களிலும் சிலவகைக் கையுறைகளிலும் உள்ள லேட்டக்ஸ் சில குழந்தைகளுக்கு ஒவ்வாது.

இந்த நோய்க்குத் தரப்படும் வின்கிரிஸ்டின் என்னும் மருந்து விரல்களின் நரம்புகளைப் பாதித்துப் பிடியைத் தளர்த்தக்கூடும். பென்சிலை அடிக்கடி நழுவவிட்டால் அதைச் சோம்பல் என்று எண்ணாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். கிரேயானைச் சுற்றித் துணி நாடாவைக் கனமாகச் சுற்றிக் கொடுத்தால் பிடிப்பது எளிது. ஊசி போடும்போது கதை, பாட்டு, சோப்புக் குமிழி ஊதுதல் போன்றவற்றால் கவனத்தைத் திருப்புவது வலியையும் அச்சத்தையும் குறைப்பதாக, பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த, காக்ரேன் என்னும் அமைப்பின் மதிப்பாய்வு கூறுகிறது. அந்த ஆய்வுகளின் தரம் உயர்ந்ததல்ல என்றும் அதே மதிப்பாய்வு சொல்லியிருக்கிறது. ஆயினும் குமிழி ஊதுவதில் இழப்பதற்கு ஒன்றுமில்லை என்பதால் நான் தயங்காமல் பரிந்துரைக்கிறேன்.

கோட்டோவியம் எழுதியது:

ஓவிய ஆசிரியையாகிய நான், ஆறு ஆண்டுகளாக வாரம் இருமுறை ஒரு குழந்தைகள் வார்டுக்குச் சென்று வருகிறேன். செவிலியர் அம்மா சொன்னவற்றோடு எனக்கு முழு உடன்பாடு உண்டு. கறுப்பைப் பற்றி மட்டும் இன்னும் கொஞ்சம் பேச வேண்டும்.

நிறத்தை வைத்து மனத்தைப் படிப்பது என்பது கைரேகை பார்ப்பதைப் போன்றது; சொல்பவருக்கு அது மகிழ்ச்சியைத் தரும், அவ்வளவுதான். வெள்ளைத் தாளில் கறுப்பு கிரேயானின் தடம் எடுப்பாகத் தெரிவதாலும், அது கைக்கு அருகில் கிடந்ததாலும் குழந்தைகள் அதை எடுக்கிறார்கள். அழுத்தித் தீட்டும்போது தோளிலிருந்து விரல் வரை உண்டாகும் அந்த உழைப்பே ஒரு குழந்தைக்கு வேண்டியதாக இருக்கலாம். நாள் முழுவதும் படுக்கையில் கிடக்கும் உடம்பு அல்லவா? படம் எதையும் சொல்வதில்லை என்று நான் கூறவில்லை. தலைவலியால் வரும் குழந்தைகளிடம், மருத்துவர் நோயின் வரலாற்றைக் கேட்பதற்கு முன்பே தங்கள் தலைவலியை வரையச் சொல்லி, 226 குழந்தைகளின் படங்களை ஆராய்ந்து 2002ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியானது. ஒற்றைத் தலைவலியை வேறு தலைவலிகளிலிருந்து பிரித்தறிய அந்தப் படங்கள் நன்றாகவே உதவின. ஆனால் அங்கே குழந்தை தன் வலியை வரைய வேண்டும் என்று தெரிந்தே வரைந்தது. நாம் உளவு பார்க்கவில்லை.

வரைந்து முடித்ததும் இது என்ன என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வியில், எனக்குப் புரியும்படி நீ வரையவில்லை என்ற குறை ஒளிந்திருக்கிறது. அழகு, அருமை என்று உடனே பாராட்டுவதும் வேண்டாம். பாராட்டுக்குப் பழகிய குழந்தை, அடுத்த படத்தை உங்களுக்காக வரையத் தொடங்கிவிடும். சோகத்தை வரைய நினைத்தவள் உங்களுக்காகச் சூரியனை வரைந்து தருவாள். கண்ணில் தெரிவதை மட்டும் சொல்லுங்கள்: இந்த மூலையில் ரொம்ப அழுத்தியிருக்கிறாய், இங்கே ஒரு மஞ்சள் இருக்கிறது. பிறகு காத்திருங்கள். அவள் ஒன்றும் சொல்லாமல் தாளைத் திருப்பி வைத்தால் அதுவும் ஒரு பதில்தான்.

எதுவும் கேட்காமலே இருக்கவும் வழியுண்டு. டொனால்ட் வினிகாட் என்ற ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர், பேசத் தயங்கும் குழந்தைகளோடு ஒரு கிறுக்கல் விளையாட்டு ஆடுவார். அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கோட்டை இழுப்பார். குழந்தை அதை ஏதாவது ஓர் உருவமாக மாற்ற வேண்டும். அடுத்து குழந்தை கிறுக்கும், அவர் மாற்றுவார். அவர் அதைத் தன் மருத்துவத்துக்குப் பயன்படுத்தினார். நமக்கு விளையாட்டாக இருந்தாலே போதும். உங்களுக்கு வரைய வராது என்றால் இன்னும் நல்லது, அவள் உங்களைத் திருத்துவாள்.

பிடி தளர்ந்துவிட்டால் என்ன செய்வது என்று மருத்துவர் ஐயா தொட்ட இடத்திலிருந்து ஒன்று சொல்ல வேண்டும். ஓவியர் ஆன்ரி மத்தீசு, 1941இல் வயிற்றில் பெரிய அறுவை சிகிச்சை செய்துகொண்ட பிறகு நெடுநேரம் நின்று வரைய முடியாதவரானார். உதவியாளர்கள் வண்ணம் பூசிக் கொடுத்த தாள்களைக் கட்டிலிலும் சக்கர நாற்காலியிலும் இருந்தபடி கத்தரித்தார். எதை எங்கே ஒட்ட வேண்டும் என்று அவர் சொல்ல, மற்றவர்கள் சுவரில் பொருத்தினார்கள். அவருடைய பிற்காலப் புகழுக்குக் காரணமான படைப்புகள் அப்படித்தான் உருவாயின. ஆகவே உங்கள் மகளால் கையை அசைக்க முடியாத நாளில் நீங்கள் அவளுடைய கையாகுங்கள். இன்னும் மேலே, அந்தப் பக்கம் இல்லை, இந்தப் பக்கம், அதை எடுத்துவிடு என்று அவள் அதட்டட்டும். அந்த அதட்டலைக் கேட்பதற்காகவே நான் வார்டுக்குப் போகிறேன் என்றுகூடச் சொல்லலாம்.

படம் அவளுடையது. சுவரில் ஒட்டலாமா, தாத்தாவுக்குக் காட்டலாமா என்பதை அவளிடம் கேட்டுச் செய்யுங்கள். வாட்ஸ்அப் நிலைத்தகவலில் போடாதீர்கள். மேலும், என்னைப் போன்றவர்களுக்கும் பயிற்சி பெற்ற கலைவழிச் சிகிச்சையாளர்களுக்கும் வேறுபாடு உண்டு. அவள் உண்ணாமலும் உறங்காமலும் இருப்பது நாள்கணக்கில் நீடித்தாலோ, தான் இல்லாமற் போவதைப் பற்றிப் பேசினாலோ, வரைய வைத்தே சரிசெய்துவிடலாம் என்று காத்திருக்காமல் மருத்துவமனையின் உளவியலாளரைப் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள்.

தாழ்வாரம் எழுதியது:

இந்தத் திரியில் குழந்தையின் பக்கத்திலிருந்து யாரும் எழுதவில்லை என்பதால் எழுதுகிறேன். எனக்குப் பன்னிரண்டு வயதில் தொடை எலும்பில் கட்டி வந்தது. ஓராண்டுக்கு மேல் மருத்துவமனையே வீடாக இருந்தது. இப்போது நலமாக இருக்கிறேன்.

முதலில் ஓர் எச்சரிக்கை. எங்கள் வார்டுக்கு நல்ல மனம் படைத்த சிலர் வந்து, எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்து வானவில் வரையச் சொல்வார்கள். மூன்று வயதுக் குழந்தைக்கும் அதே வானவில், எனக்கும் அதே வானவில். முடிந்ததும் புகைப்படம். எனக்கு வந்த கோபத்தில் ஒருமுறை ஏழு பட்டைகளையும் பழுப்பு நிறத்தில் தீட்டிக் கொடுத்தேன். வந்தவர்கள் மிகவும் வருந்திப் போனார்கள். அதன்பின் வளரிளம் பருவத்தினரைத் தனியே விட்டுவிட்டார்கள் என்பது அதில் கிடைத்த நன்மை.

எனக்குக் கைகொடுத்தது ஒரு கோடுபோட்ட நோட்டுப் புத்தகம். அதில் வார்டுக்கென ஒரு செய்தித்தாள் நடத்தினேன். ஊசி போடுபவர்களுக்கு மதிப்பெண், மின்விசிறியின் முனகல் பற்றிய தலையங்கம், பக்கத்துக் கட்டில் பையனின் முடி உதிர்ந்ததற்கு ஓர் இரங்கற்குறிப்பு. அதை எழுதச் சொன்னவன் அவனேதான். பெரியவர்கள் சிலர் அதைப் படித்துவிட்டு முகம் சுளித்தார்கள். எங்கள் இருவருக்கும் வயிறு வலிக்கச் சிரிப்பு வந்தது. படைப்பு என்றால் நம்பிக்கையூட்டுவதாகத்தான் இருக்க வேண்டும் என்று தயவுசெய்து எதிர்பார்க்காதீர்கள்.

இனி, நீங்கள் அஞ்சும் விஷயம். என்னிடமும் நோயின் பெயரைச் சொல்லவில்லை. பெற்றோர் மருத்துவரோடு பேச வெளியே தாழ்வாரத்துக்குப் போவார்கள்; திரும்பி வரும்போது அம்மாவின் முகம் கழுவப்பட்டிருக்கும். என் நோய் என்னவென்று இரண்டாவது வாரத்திலேயே பக்கத்துக் கட்டில் பையன் சொல்லிவிட்டான். தெரியும் என்று நான் காட்டிக்கொள்ளவில்லை, அம்மா உடைந்துவிடுவாளோ என்று பயந்தேன். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொண்டிருந்தோம், இருவருமே தனியாக இருந்தோம். செய்தித்தாளின் ஆறாவது இதழில் ஒரு கதை எழுதினேன். ஒரு நாட்டில் போர் நடக்கிறது. அரசனுக்குக் கவலை வரக் கூடாது என்று அமைச்சர்கள் அவனிடம் சொல்லவில்லை. அரசன் ஒவ்வொரு நாளும் மாடத்தில் நின்று புகையைப் பார்த்துவிட்டு, இன்று மேகமூட்டம் அதிகம் என்று அமைச்சர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறான். அம்மா அதைப் படித்தாள். ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தினாள், நோட்டைத் திருப்பிக் கொடுத்தாள். இரண்டு நாள் கழித்து மருத்துவர் நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் என்னிடமே சொன்னார். அன்றிரவு அம்மாவும் நானும் பேசினோம்.

உங்கள் மகள் கேட்டுவிடுவாளோ என்று அஞ்சுகிறீர்கள் அம்மா. கேட்காமல் வைத்திருப்பதுதான் அவளுக்குப் பாரம்.

இரவுப்பணி எழுதியது:

தம்பி எழுதியதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். மைரா புளூபாண்ட்-லாங்னர் என்ற மானிடவியலாளர், 1970களில் லுகேமியா வார்டு ஒன்றில் மூன்று முதல் ஒன்பது வயது வரையுள்ள குழந்தைகளோடு பழகி ஆராய்ந்தார். யாரும் சொல்லாமலே தங்கள் நோயின் தீவிரத்தை அவர்கள் அறிந்திருந்தார்கள். அறிந்திருப்பதைப் பெற்றோரிடமிருந்து மறைத்தும் வைத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் அந்த நோய்க்கு இருந்த மருத்துவம் குறைவு. இன்று இந்த வகை லுகேமியாவிலிருந்து மிகப் பெரும்பாலான குழந்தைகள் குணமடைகிறார்கள். ஆகவே சொல்வதற்கு அன்றைவிட இன்று நல்ல சேதிதான் அதிகம். ஏழு வயதுக்கு, நோயின் பெயர், அது தொற்றாது, யாருடைய தவறாலும் வரவில்லை, மருந்து எதற்கு ஆகிய நான்கும் முதலில் போதும். தனியாகச் சொல்லத் தயக்கமாக இருந்தால் மருத்துவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள்.

நிலாமுற்றம் எழுதியது:

எல்லோருக்கும் என் நன்றி. ஆறு நாட்கள் கழித்து எழுதுகிறேன்.

கிரேயானைத் திருப்பிக் கொடுத்து, நான்தான் எடுத்தேன் என்று சொன்னேன். வாங்கிக்கொண்டாள், பதில் சொல்லவில்லை. மறுநாள் மாலையில் பெட்டியைத் திறந்து மறுபடியும் கறுப்பையே தீட்டினாள். எனக்குள் ஏதோ இறங்கிப்போனது. ஆயினும் கோட்டோவியம் அவர்கள் சொன்னபடி, இங்கே மேலே ஒரு மஞ்சள் இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை இறுக மூடிக்கொண்டேன். அது நிலவா, விண்மீனா, சன்னலா என்று கேட்கத் துடித்தது உண்மை. நெடுநேரம் கழித்து, தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே, அது மருந்து ஏற்றும் பெட்டியில் எரியும் விளக்கு என்றாள். வார்டில் விளக்கணைத்த பிறகு அது ஒன்றுதான் தெரியுமாம். அது திடீரென்று கத்தத் தொடங்கினால் தனக்குள் போகும் மருந்து தப்பாகிவிட்டது என்று அர்த்தமாம். அதனால் கத்துகிறதா என்று இரவெல்லாம் பார்த்துக்கொண்டே இருப்பாளாம். பகலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தது, உறங்காததால் வந்த அசதி என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பதினோரு தாள்களிலும் அவள் வரைந்திருந்தது அந்த அறையின் இரவைத்தான்.

நோயின் பெயரை இன்னும் சொல்லவில்லை. வரும் திங்கட்கிழமை மருத்துவரோடு சேர்ந்து சொல்வதாக என் கணவரும் நானும் முடிவு செய்திருக்கிறோம். இப்போதைக்கு மருந்து ஏற்றும் அந்தப் பெட்டியை என்ன செய்வது என்று சொல்லுங்கள்.

இரவுப்பணி எழுதியது:

சகோதரி, இதை உங்கள் வார்டில் உள்ளவர்களிடம் அப்படியே சொல்லுங்கள். எனக்கே இது ஒரு பாடம்தான். அந்தக் கருவி பெரும்பாலும் கத்துவது, மருந்து தீர்ந்துவிட்டாலோ, குழாயில் காற்றுக் குமிழி வந்தாலோ, உறக்கத்தில் கையை மடக்கிக் குழாய் நெருக்குண்டாலோதான். கத்தும்போது பெரும்பாலும் அது மருந்தை நிறுத்திவிட்டு எங்களைக் கூப்பிடுகிறது. அதாவது தப்பாக எதுவும் உள்ளே போகாமல் காவல் காக்கிறது. பகல் நேரத்தில், குழாய் அவள் கையோடு இணைக்கப்படாதபோது, ஒரு செவிலியரை அந்த ஒலிகளை ஒவ்வொன்றாக எழுப்பிக் காட்டச் சொல்லுங்கள். எந்த ஒலிக்கு என்ன பொருள் என்று அவளே ஓர் அட்டையில் வரைந்து கருவியின் தண்டில் தொங்கவிடட்டும். திரையின் ஒளியைக் குறைக்க முடியுமா, இரவில் கருவியை அவள் கண்ணுக்கு நேராக இல்லாமல் சற்றுத் திருப்பி வைக்கலாமா என்பதையும் கேளுங்கள். மருந்து ஓடிக்கொண்டிருக்கும்போது நீங்களாகத் துணி போட்டு மூடிவிட வேண்டாம். ஆமாம், கேனுலாவை இடக்கைக்கு மாற்றினார்களா?

நிலாமுற்றம் எழுதியது:

நேற்று மாற்ற வேண்டிய நாள். செவிலியர் வருவதற்கு முன்பே மார்க்கர் பேனாவை என்னிடமிருந்து வாங்கி, வலது புறங்கையில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டுக்கொண்டாள். செவிலியர் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் மறுபக்கம் சுற்றி வந்து, இடக்கையில் நரம்பு தேடினார். முதல் முறையிலேயே கிடைத்துவிட்டது. ஒலிகளுக்கான அட்டையில் மூன்று படங்கள் முடிந்திருக்கின்றன. காற்றுக் குமிழியை எந்த நிறத்தில் போடுவது என்று நேற்றிலிருந்து என்னோடு வாதாடிக்கொண்டிருக்கிறாள்.